புழு எரு இலக்கணம்

வடசென்னையின் விம்கோ நகர், தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரால் அமைந்த ஊர். தீப்பெட்டியின் உரசுபட்டையில் பாஸ்பரஸ். பக்கத்து மணலியில், 1966-ல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸின் யூரியா. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஆலை வழியே புழங்கிய இவ்வட்டாரத்தில், ஈப்புழுவின் வயிற்று வழியே வரும் உரத்துக்கு இன்னும் யாரும் இலக்கணம் வகுக்கவில்லை. மெட்ரோ ரயில் 2021-ல் வந்துசேர்ந்தது. இலக்கணம் மட்டும் ஏன் பிந்த வேண்டும்? ஆகவே இந்நூல்.

1. பிறப்பியல்

பண்ணைப் புழு தின்று கழித்தது, தின்னாமல் மிச்சம் வைத்தது, உரித்துப் போட்ட தோல் ஆகிய மூன்றும் கலந்தது புழு எரு. செத்த பூச்சியும் கொஞ்சம் இருக்கலாம். எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் வகுத்த விதி. 70 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்க வேண்டும் என்பதும் அவர்களுடையதே.

அது மூவகைப்படும். பட்டுப்புழு எரு: முசுக்கொட்டை இலையன்றி வேறு தொடாத சுத்த சைவம். மாவுப்புழு எரு: தவிடு தின்று பிறப்பதால் காய்ந்து பொடியாக இருக்கும். கருப்புச் சிப்பாய் ஈப்புழு எரு: போட்டதையெல்லாம் தின்று பிறப்பது. முன்னிரண்டுக்கும் குலம் உண்டு. மூன்றாவதற்கு மெனு மட்டுமே உண்டு.

அம்மெனுவால் மூன்றாவது மேலும் நான்காகப் பிரியும். காய்கறி மார்க்கெட் கழிவில் பிறந்தது உத்தமம். ஓட்டல் மிச்சத்தில் பிறந்தது மத்திமம். சாம்பாரிலும் ஊறுகாயிலும் இருந்த உப்பு எருவிலும் தங்கிவிடும். காசிமேட்டு மீன் குடலில் பிறந்தது வீரியம். தழைச்சத்து தூக்கலாக இருக்கும், உப்பும் நாற்றமும் கூடவே வரும். எதைத் தின்றது என்று தெரியாதது அதமம். தீனியில் ஈயம் இருந்தால் புழு அதை மாயமாக்கிவிடாது. ஆலைகள் சூழ்ந்த ஊரில் இது வெறும் ஏட்டுப் பிரிவு அன்று.

2. பக்குவவியல்

சிப்பாய் ஈ பறக்கத் தொடங்கியபின் தீனியைத் தேடுவதில்லை. தின்னும் வேலை முழுவதும் புழுப்பருவத்தில், ஏறத்தாழ இரண்டே வாரத்தில் முடிந்துவிடும். இந்த வேகமே பண்ணைக்கு லாபம், எருவுக்குக் குறை. மாதக்கணக்கில் மக்கும் கம்போஸ்ட்டின் நிதானம் இதற்குக் கிடையாது. சலித்த கையோடு மூட்டை கட்டினால் அது பச்சை எரு. சில வாரம் ஈரம் காத்து, புரட்டிப்போட்டு ஆறவிட்டால்தான் பழுத்த எரு.

இரண்டையும் பிரித்தறியும் கருவிகள் மூன்று. முதலாவது மூக்கு: ஒரு பிடியை மூடிபோட்ட டப்பாவில் ஒருநாள் வைத்துத் திறக்கும்போது சுருக்கென்று அமோனியா ஏறினால் அது பச்சை. இரண்டாவது கை: இறுக்கிப் பிடித்தால் விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது, கசிந்தால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம் என்று பொருள். மூன்றாவது பச்சைப்பயறு: ஒரு பங்கு எருவைப் பத்துப் பங்கு நீரில் கரைத்து வடிகட்டி, அந்நீரில் நனைத்த துணியில் பத்துப் பயறு, வெறும் நீரில் நனைத்த துணியில் இன்னொரு பத்து. இரண்டும் ஒன்றுபோல் முளைவிட்டால் எரு தேறியது. எரு நீரில் வேர் குட்டையாகிக் கருகினால் மூட்டையைத் திரும்பக் கட்டுக.

லேப் ரிப்போர்ட் கேட்போர் நகரக் கம்போஸ்ட்டுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை வகுத்த அளவுகளைக் கைக்கொள்க: கரிம-தழை விகிதம் 20-க்குள், உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் 4 dS/m-க்குள், கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமுக்குள்.

3. விலையியல்

விலை இருவகை: சத்தை எடைபோட்டால் வரும் கணக்கு விலை, கடையில் கேட்கும் பாக்கெட் விலை.

45 கிலோ யூரியா மூட்டை, மானியம் போக, 266 ரூபாய் 50 காசு. அதில் தழைச்சத்து 46 சதவீதம். அதாவது ஒரு கிலோ தழைச்சத்து சுமார் 13 ரூபாய். புழு எருவில் தழைச்சத்து 3 சதவீதம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், கிலோ எருவில் 30 கிராம். அதன் கணக்கு விலை 40 காசுக்குள் அடங்கிவிடும். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். என்றாலும் பாக்கெட் விலையின் பக்கத்தில் போய் நிற்காது.

அப்படியானால் மீதிக் காசு எதற்கு? மண்ணைப் பொலபொலப்பாக்கும் கரிமப் பொருளுக்கு, நுண்ணுயிர்களுக்கு, உரித்த தோலில் உள்ள கைட்டினுக்கு. மண்ணில் கைட்டினைத் தின்னும் கிருமிகள் பெருகினால், கைட்டினால் சுவர் கட்டியிருக்கும் பூஞ்சைகளுக்கும் ஆபத்து. இவற்றுக்கு விலை கொடுப்பதில் தவறில்லை. இவை பழுத்த எருவில் செடிக்கு உதவும். பச்சை எருவிலோ அமோனியா முந்திக்கொண்டு வேரைச் சுட்டுவிடும் என்பதே நுட்பம்.

4. கொள்வோரியல்

ஏக்கர் கணக்கில் பயிரிடும் விவசாயி கணக்கு விலையைப் பார்ப்பார்; அவருக்கு இது கட்டாது. நர்சரிக்காரர் மொத்தமாக வாங்கிச் சலித்து, சின்னப் பையில் போட்டு விற்பார். அவருக்கு நன்றாகவே கட்டும். மாடித்தோட்டக்காரருக்கு வேண்டியது தொட்டிக்கு ஒரு பிடி. நாற்றம் வந்து கீழ்வீட்டார் கதவைத் தட்டாதிருந்தால் எந்த விலையும் கட்டும்.

எனவே விலை கேட்குமுன் தீனி கேட்க. "காய்கறிக் கழிவுதான் சார், ஒரு மாசம் ஆறவெச்சது" என்றால் கீரைக்கே வாங்கலாம். "எல்லாம் கலந்துதான் சார்" என்றால் பூச்செடிக்கு மட்டும் வாங்குக. "அதெல்லாம் இன்னாத்துக்கு சார், சூப்பர் ஐட்டம்!" என்றால், மணலி யூரியாவே மேல் என்க.