செல்ஃப் எடுக்காத ஜெட் படகுக்கு ஐயா சொன்ன வைத்தியம்

வாடா பேராண்டி, இப்பிடித் திண்ணையில உக்காரு. ராத்திரியெல்லாம் படகுக்குக் கீழ டார்ச் அடிச்சுக்கிட்டுக் கெடந்தியாமே? கோட்டையூர்த் தெருவுல படகைக் கொண்டாந்து நிறுத்துன மகராசன் நீதான். நம்ம பாட்டன்மாரும் கடல் தாண்டுனவுகதான்டா. பர்மாவுக்குப் போனாக, மலாயாவுக்குப் போனாக, தேக்கும் காசும் அனுப்பி இந்த வீட்டைக் கட்டுனாக. ஆனா ஒருத்தராச்சும் கப்பலை வெலைக்கு வாங்கி வாசல்ல நிறுத்துனாகளா? டிக்கெட் எடுத்தாக, ஏறிப் போனாக. எஞ்சின் கவலை கப்பல்காரனுக்கு.

சரி, வாங்கியாச்சு. தொண்டியில ஆளுகளை ஏத்திச் சுத்திக் காட்டிச் சம்பாதிக்கப் போறேங்குற. சம்பாதி. இப்ப என்ன பண்ணியிருக்க? முன்னாடி எலுமிச்சம்பழம் கட்டுன. சோசியர்ட்டப் போன; 'உன் ராசிக்கு எஞ்சின் ஆகாது'ன்னாராம். இதே ஊர்ல 1909-ல பொறந்த அழகப்பச் செட்டியாரு விமானமே ஓட்டக் கத்துக்கிட்டவுக. ஜூப்பிடர் ஏர்வேஸ்னு விமானக் கம்பெனி நடத்துனவுக. ராசியைப் பத்தி அவுகட்ட யாரும் சொல்லல போலிருக்கு. அப்புறம் ஒரு மெக்கானிக்கைக் கூட்டியாந்த. வந்த மனுசன் சாவியைக்கூடத் திருப்பிப் பாக்காம ஹெட்டைக் கழட்டணும்னாரு. கழட்டுனாத்தானே அவருக்குக் காசு.

நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. 'ஸ்டார்ட் ஆகல'ன்னா என்ன? பட்டனை அமுக்குனா சத்தமே இல்லையா? 'டக்'னு ஒத்தச் சத்தம் கேட்டு நிக்குதா? இல்ல, எஞ்சின் சுத்துது, புடிக்கலையா? மூணும் மூணு வியாதிடா. வவுத்துவலிக்காரனுக்குக் கண்ணாடி மாட்டுறாப்புல மூணுக்கும் ஒரே ஸ்பானரைத் தூக்கிக்கிட்டு நிக்குற.

முழிக்காத. எனக்கு எப்படித் தெரியும்னுதானே பாக்குற? நம்ம ஊரு ரோஜா முத்தையா பழைய புத்தகத்தோட கல்யாணப் பத்திரிகையைக்கூடத் தூக்கிப் போடாமச் சேத்து வச்சாக. அது இன்னைக்குச் சென்னையில ஆராய்ச்சி நூலகமா நிக்குது. நீ படகோட கையேட்டைப் பழைய பேப்பர்காரன் சாக்குல போட்ட. நான்தான் எடுத்து வச்சு, எழுத்துக் கூட்டிப் படிச்சேன். அந்தக் காலத்துல ஆயில் எஞ்சினைக் கை போட்டுச் சுத்துன ஆளு நான். மத்ததெல்லாம் தன்னால வெளங்குச்சு.

மொதல்ல மூக்கை வை. எஞ்சின் மூடியைத் தூக்குனா பெட்ரோல் வாடை அடிக்குதா? அடிச்சாச் சாவியைத் தொடாத. பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனம்; படகு வவுத்துக்குள்ள தேங்கி நிக்கும். ஒழுகுற எடத்தை அடைச்சுட்டு, புளோயரை ஒரு நாலு நிமிசமாச்சும் ஓட்டி, வாடை போனதுக்கு அப்புறம்தான் செல்ஃப். இதுல மட்டும் நான் கேலி பேசல.

சத்தமே இல்ல, இல்லாட்டி ஒத்த 'டக்'குன்னா பேட்டரிப் பக்கம் போ. நல்ல பேட்டரி சும்மா இருக்கையில மல்டிமீட்டர்ல 12.6 வோல்ட் காட்டும். பட்டனை அமுக்கிக்கிட்டே பாரு. பத்துக்குக் கீழ விழுந்தா ஒண்ணு பேட்டரி செத்துருச்சு, இல்ல டெர்மினல்ல பச்சை பூத்திருக்கு. எர்த் ஒயர் முனையையும் கழட்டித் தேய். உப்புத்தண்ணிக்கு ஒயரும் ஒண்ணுதான், ஆணியும் ஒண்ணுதான். இந்தத் துருவையும் படிக்கத்தாண்டா நம்ம காரைக்குடியில சிக்ரிங்குற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அழகப்பச் செட்டியாரு 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்தாக, 1948-ல நேரு வந்து கல்லு நட்டாரு. மண்டபம் கடக்கரையில இரும்பை வெயில்லயும் உப்புக் காத்துலயும் போட்டு வச்சு, எப்படித் துருப் புடிக்குதுன்னு கணக்கெடுக்குறாக. நீ அந்தக் கேட் வழியா தெனம் பைக்குல போற, படகு டெர்மினலுக்கு ஒரு சொட்டு கிரீஸ் தடவத் தோணல.

பேட்டரி நல்லாருந்தும் சுத்த மாட்டேங்குதா? அப்பக் கீழ குனி. இது புரொப்பெல்லர் வச்ச படகு இல்ல. நியூசிலாந்துல ஹாமில்டன்னு ஒருத்தரு, அந்த ஊரு ஆத்துல முழங்கால் தண்ணிதான், புரொப்பெல்லர் கல்லுல அடிபடுதுன்னு 1950-கள்ல இந்த ஜெட்டைப் பழக்கத்துக்குக் கொண்டாந்தாரு. அடியில தண்ணியை உறிஞ்சி, இம்பெல்லர் வழியாப் பின்னால நாசில்ல பீச்சும். எவரெஸ்ட் ஏறுன ஹிலாரி 1977-ல மூணு ஜெட் படகை எடுத்துக்கிட்டுக் கங்கையில கடல் முகத்துலருந்து எதிர்த்து ஏறி, நந்தப்பிரயாகை அருவி மறிக்கிற வரைக்கும் போனாரு. அப்பேர்ப்பட்ட சாதனம், நம்ம கண்மாயில ஆகாயத்தாமரை வேரு ஒண்ணு மாட்டுனா ஒக்காந்துரும். நெறையப் படகுல பம்பு எஞ்சினோட நேராப் பூட்டுனது. இம்பெல்லர் சிக்குனா எஞ்சினும் சுத்தாது. போன வாரம் தண்ணியில எறக்கையில சாத்துனியே சம்பங்கி மாலை, அது எங்க? கரையிலயும் காணோம், படகுலயும் காணோம். பேட்டரி ஒயரைக் கழட்டி வச்சுட்டு, அடியில தண்ணி உறிஞ்சுற எடத்துக் கிரேட்டிங்குள்ள கையை விட்டுப் பாரு. நார் வந்தா சாமி குத்தம் இல்ல, உன் குத்தம்.

இனி, எஞ்சின் சுத்துது ஆனா புடிக்கலைங்குற கேசு. பெட்ரோலை எப்ப ஊத்துன? ஐப்பசியிலயா? இப்பப் பங்குல வர்ற பெட்ரோல்ல நூத்துக்கு இருபது எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். அளவு மீறுனாத் தண்ணியோட சேந்து டேங்க் அடியில படிஞ்சுக்கும். ஒரு கண்ணாடிப் பாட்டில்ல கொஞ்சம் எடுத்து வெளிச்சத்துல பாரு. ரெண்டு அடுக்காத் தெரிஞ்சா மொத்தத்தையும் எறக்கு, ஃபில்டரை மாத்து.

அடுத்தது, நீ அழகு பாக்கக் கழுவுன கதை. நான் மாடியிலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எஞ்சினை ஓட்டாமலே ஹோஸ் பைப்பைச் சொருகி, குழாயை முழுசாத் தொறந்துட்டுப் போனுல பேசிக்கிட்டு நின்ன. இந்தச் சாதிப் படகுக்கு மொதல்ல எஞ்சின், அப்புறம் தண்ணி. நிறுத்தையில மொதல்ல தண்ணி, அப்புறம் எஞ்சின். மாத்திப் பண்ணுனா தண்ணி எக்ஸாஸ்ட் வழியாத் திரும்பி சிலிண்டருக்குள்ளயே போயிரும். உள்ள தண்ணி நிக்கையில பட்டனைப் போட்டு அமுக்குனா கனெக்டிங் ராடு வளையும். தண்ணியை அமுக்க முடியாதுல்ல. பிளக்கை எல்லாம் கழட்டு, இக்னிஷன் காயில் ஒயரைப் புடுங்கி வை, துணியைப் போட்டு மூடி, ஒரு சுத்துச் சுத்த விடு. தண்ணி பீச்சுனா விசயம் வெளங்கிரும். ஆயில் குச்சியையும் உருவிப் பாரு; ஆயில் வெளுத்திருந்தா மாத்தாம ஓட்டக் கூடாது. கிளம்பிருச்சுன்னா சந்தோசத்துல தெருவுலயே முறுக்கிக்கிட்டு நிக்காத. குளுமைக்கு அதுக்குத் தண்ணி வேணும். தண்ணியில்லாம 15 விநாடிக்கு மேல ஓட்டாத.

எந்திரிக்காத, இரு. இத்தனையும் ஏன் சொன்னேன்னா, மொத்தமா ஒருநா உனக்குத் தேவைப்படும். இப்பச் சொல்லாட்டி நீ எங்க உக்காந்து கேப்ப? இன்னைக்கு உன் படகு சத்தமே போடல, சரிதானே? ஸ்டியரிங் பக்கத்துல ஒரு கிளிப்பு மாட்டணும்னு கையேட்டுல மொதப் பக்கத்துலயே படம் போட்டிருக்கு. சுருள் சுருளாச் சிவப்புக் கயிறு. ஓட்டுறவன் தண்ணியில விழுந்தா எஞ்சின் நிக்கணும்னு இடுப்புலயோ கையிலயோ மாட்டிக்கிறது. அது எடத்துல இல்லாட்டி உன் எஞ்சின் அசையாது.

அதை நேத்தே வீட்டுக்குள்ள பாத்தேன். நல்ல இழுவை, அறுகாதுன்னு உங்க அப்பத்தா உக்கிராணச் சாவியைக் கோத்து இடுப்புல சொருகியிருக்கா. சும்மா போய்க் கேட்டாக் குடுக்க மாட்டா. செட்டியார் கடையில ஒரு நல்ல கயிறா வாங்கிட்டுப் போ.