கால்வாய் நகரங்களின் பெருந்தன்மை

ரயில் பாஸ் வாங்கிக்கொண்டு ஐரோப்பாவின் கால்வாய் நகரங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்குக் குழப்பமே வேண்டாம். ஊருக்குள் நாலு கால்வாய் ஓடினால் போதும், 'வடக்கின் வெனிஸ்' என்று பட்டம் கொடுத்துவிடும் தாராள மனசு அந்தக் கண்டத்துக்கு. ஆம்ஸ்டர்டாம், புரூஜ், ஸ்டாக்ஹோம், ஹாம்பர்க் எல்லாருக்கும் கிடைத்திருக்கிறது. பட்டம் இல்லாமல் நிற்பது வெனிஸ் ஒன்றுதான், பாவம்.

ஆனால் விருந்தோம்பலில் வெனிஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1846-லேயே காயலின் குறுக்கே பாலம் போட்டு, ரயிலை ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சான்டா லூசியா நிலையத்தை விட்டு வெளியே வந்தால் படிக்கட்டுக்குக் கீழே பெரிய கால்வாய். இவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறார்களே என்ற கரிசனத்தில், நெரிசல் மிகுந்த நாட்களில் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களுக்கு 2024-ல் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். மறுவருஷம், கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10. விருந்தாளி எப்போது வருவார் என்று முன்கூட்டியே அறிந்துகொள்ள அத்தனை ஆவல்! காலை எட்டரை முதல் மாலை நாலு வரைதான் வசூல். நாலு அடித்துவிட்டால் ஊர் முழுக்க இலவசம். கூட்டத்தைக் குறைக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். முதல் வருஷம் 29 நாளில் சுமார் 24 லட்சம் யூரோ சேர்ந்தது. கூட்டம் குறைந்ததா என்று கேட்பவர்கள் பொறாமைக்காரர்கள்.

கோண்டோலா அரை மணிக்கு 90 யூரோ, இரவில் 110. நிலவொளிக்கு இருபது யூரோ கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள், கொள்ளை மலிவு. சிக்கனம் பார்ப்பவர்களுக்கும் அங்கே உரிய மரியாதை உண்டு. 2019-ல் ரியால்ட்டோ பாலத்தடியில் கைஅடுப்பில் காப்பி போட்ட இரண்டு ஜெர்மானியருக்கு 950 யூரோ அபராதம் விதித்து, ஊரை விட்டும் வழியனுப்பி வைத்தார்கள். ஐரோப்பாவிலேயே விலை உயர்ந்த காப்பி குடித்த பெருமை அவர்களுக்கு.

எல்லாரையும் மிஞ்சியது உள்ளூர்க்காரர்களின் தியாகம். 1951-ல் பழைய நகரில் ஏறக்குறைய 1,75,000 பேர் இருந்தார்கள். இன்று 50,000-க்கும் கீழே. படுக்கையறை வரைக்கும் விருந்தாளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அக்கரைக்குக் குடிபோய்விட்டார்கள். ரியால்ட்டோ பக்கத்தில் ஒரு மருந்துக்கடை ஜன்னலில், மிச்சம் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று காட்டும் மின்பலகை இருக்கிறது. இருமல் மருந்து வாங்கிக்கொண்டே எண்ணிக்கை இறங்குவதைப் பார்க்கலாம். இதற்கு மட்டும் ஏனோ கட்டணம் வைக்க மறந்துவிட்டார்கள்.

அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஜெர்மனி வழியாகப் போனால், ஜெர்மன் ரயில்வேயின் கணக்குப் புலமையையும் அனுபவிக்கலாம். ஆறு நிமிஷத்துக்குள் தாமதமானால் அது தாமதமே இல்லை. ரத்தான ரயில் கணக்கிலேயே வராது. இவ்வளவு சலுகை காட்டியும் 2024-ல் தொலைதூர ரயில்களில் நூற்றுக்கு அறுபத்திரண்டு சொச்சம்தான் நேரத்துக்கு வந்தன என்றால், குறையை ஒளிக்காத அந்த நேர்மையை என்னவென்பது!

ஆம்ஸ்டர்டாம் இன்னும் வெளிப்படையான ஊர். குடித்துக் கும்மாளமிட வரும் பிரிட்டிஷ் இளைஞர்களைப் பார்த்து, 'வராதீர்கள்' என்று 2023-ல் விளம்பரமே கொடுத்தது. வந்தே தீருவேன் என்பவர்களுக்கு அறை வாடகையில் 12.5 சதவீதம் வரி. வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சைக்கிளாவது கால்வாயிலிருந்து தூர்வாரி எடுக்கிறார்கள். மீன் வளர்ப்பில்கூட இந்த மகசூல் வராது.

புரூஜைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சரியான சமயத்தில் நொடித்துப்போன புத்திசாலி ஊர். கடல்வழி மண்மூடி, வணிகர்கள் ஆன்ட்வெர்ப்புக்குப் போய்விட, இடித்துக் கட்டக் காசில்லாமல் பழசெல்லாம் அப்படியே தப்பித்தது. இப்போது அந்த வறுமையைத்தான் சாக்லேட்டோடு சேர்த்து விற்கிறது.

யூட்ரெக்ட்டை மட்டும் தயவுசெய்து பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். நுழைவுக் கட்டணம் கேட்கத் தெரியாத ஊர். எழுபதுகளில் அகழியைத் தூர்த்துக் கார்ச்சாலை போட்டார்கள். 2020-ல் வெட்கமில்லாமல் சாலையைப் பெயர்த்து மறுபடி தண்ணீர் விட்டார்கள். கரைக்குக் கீழே, அந்தக் காலத்தில் சரக்கு இறக்கிய நிலவறைகளில், நீர்மட்டத்தை ஒட்டி மேஜை போட்டு உள்ளூர்க்காரர்களே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். முன்பதிவுகூடத் தேவையில்லை.