தல்லாகுளத்து லிஸ்ட்

சிங்கப்பூர்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய சாமான் லிஸ்ட் கிடைத்தது. லிஸ்ட்டா அது? தல்லாகுளமே கையெழுத்துப் போட்ட மகஜர்! அப்பத்தாவுக்குக் கோடாலித் தைலம், மாமாவுக்கு ஒரு டஜன் கோடாலித் தைலம், எதிர்வீட்டு அத்தைக்குப் புலித் தைலம், பால்காரருக்கும் ஒரு கோடாலி. ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்தால், "தம்பி லீவுக்கு வர்றீகளா, மருந்துக்கடை வைக்க வர்றீகளா?" என்று கேட்கமாட்டார்களா?

ஆனாலும் அப்பத்தா விவரமானவள். இங்கே விற்கிறதில் இந்த ஊர்ச் சரக்கு என்று மார்தட்டிச் சொல்லத் தக்கது அந்தக் கோடாலிதான். 1928-இல் லியோங் யுன் சீ என்பவர் இங்கே ஆரம்பித்தது. புலி அப்படியில்லை, பிறந்த ஊர் ரங்கூன், பிழைக்க வந்த இடம் சிங்கப்பூர். நம்ம சாதி!

உன் மகன் கேட்ட சிங்கமீன் பொம்மையையும் பார்த்தேன். தலை சிங்கம், உடம்பு மீன். புதுமண்டபத்து யாளியைப் பார்த்து வளர்ந்த பயலுக்கு இதில் என்ன அதிசயமோ! 1964-இல் சுற்றுலாக் கழகத்துக்குச் சின்னமாக இதை வரைந்து கொடுத்த பிரேசர் புரூனர், மீன்காட்சிசாலையில் பொறுப்பில் இருந்தவர். மீன்காரரிடம் போய்ச் சிங்கம் கேட்டால் வேறென்ன கிடைக்கும்? 1972-இல் அதற்கு 8.6 மீட்டர் உயரத்தில் சிலையும் வைத்துவிட்டார்கள். சாவிக்கொத்தில் தொங்குகிற குட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சீனத் தயாரிப்பு.

அத்தை கேட்ட 'பாரின் சேலை'யைப் பற்றி அவளிடம் பக்குவமாகச் சொல். முஸ்தபா கடையில் அவள் சொன்ன அதே பூப்போட்ட சேலையை எடுத்து விசாரித்தால், சூரத்திலிருந்து வந்ததாம். அதை நான் தூக்கிவந்தால், இரண்டு தடவை கடல் தாண்டிய பெருமை அந்தச் சேலைக்குத்தான்.

அம்மா இங்கே வந்திருந்தபோது அதே கடையில், பில் போடுகிற பையனிடம், "கடைசி விலை சொல்லுய்யா" என்று நின்றுவிட்டாள். அவன் சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளை. "ஆத்தா, விலைய நான் சொல்லல, இந்த மிசினு சொல்லுது" என்றான். "அப்ப மிசினுகிட்டக் கேளு" என்றாள் அம்மா. பின்னால் நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது. தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள்.

இன்னொரு வயிற்றெரிச்சல். சுற்றுலா வந்தவர்கள் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கினால், 9 சதவீத வரியில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு விமானம் ஏறலாம். இங்கேயே வேலை பார்க்கிற எனக்கு அது கிடையாது. அதனால் அடுத்த தடவை அம்மா வரும்போது லிஸ்ட்டை அவளிடமே கொடுத்துவிடு. அரசாங்கத்துக்கும் லாபமில்லை, எனக்கும் நட்டமில்லை.

நான் எனக்காக வாங்குகிற வெளிநாட்டுச் சரக்கு ஒன்றே ஒன்றுதான்: தேக்கா பூக்கடையில், விமானத்தில் வந்திறங்குகிற மல்லிகை. நம்ம மதுரைப் பூதான். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதேதான். இங்கே முழத்துக்குக் கேட்கிற விலையைச் சொன்னால், நீ நாளையிலிருந்து தலையில் வைக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டுவாய்.

சித்திரைத் திருவிழாவுக்கு லீவு கேட்டிருக்கிறேன். எதிர்சேவை அன்றைக்கு நான் ஊரில் இருப்பதை யாரிடமும் சொல்லித் தொலைக்காதே. அழகரைப் பார்க்க வருகிற கூட்டம் நம் வீட்டுப் பக்கம் திரும்பினால், அத்தனை பேருக்கும் தைலம் கொடுக்க முஸ்தபாவாலேயே முடியாது. மாமாவிடம் மட்டும் கேட்டு எழுது: ஒரு டஜன் கோடாலி எதற்கு?

இப்படிக்கு,
அன்புத் தம்பி