கருவி எதுவும் தேவையில்லை

அந்தக் காணொளியின் தலைப்பில் ‘கருவி எதுவும் தேவையில்லை’ என்றுதான் போட்டிருந்தது. நான்காவது நிமிடம்வரை வெறுங்கையோடு சிரித்துக்கொண்டிருந்த பயிற்சியாளர், “இப்போது உங்கள் உறுதியான நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். சற்று நேரத்தில் ஒரு ரப்பர் பட்டை வந்தது. அதற்குப் பின் தொடைகளுக்கு நடுவே வைத்து அழுத்த ஒரு பந்து. கருவி என்றால் அந்த அம்மையார் பொக்லைனைத்தான் நினைத்திருக்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தைச் சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே காட்டுவார்களாம். கறம்பக்குடியில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த இக்கட்டுரையாளருக்கு, காலை இறக்கிய பிறகும் கோபம் இறங்கவில்லை. இன்னும்தான்.

பார் வொர்க்கவுட் காணொளியைத் தேர்ந்தெடுக்க மூன்று எளிய விதிகள் உண்டு. அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கடைசியில் வருகின்றன. (பயிற்சியின் பெயரை வைத்து நீங்கள் இப்போது சொல்ல நினைக்கும் ஜோக்கைக் கட்டுரையாளர் வீட்டில் எல்லோரும் சொல்லியாகிவிட்டது.)

முதலில் இதற்கெல்லாம் யார் காரணம் என்று பார்த்துவிடலாம். 1913-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்த லொட்டே பெர்க் என்ற நடனக்காரர். யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி லண்டனுக்கு வந்தவர். முதுகுவலிக்கான சீர்பயிற்சிகளையும் பேலே ஆட்டக்காரர்கள் ‘பார்’ எனப்படும் கம்பியைப் பிடித்துச் செய்யும் பயிற்சிகளையும் கலந்து, 1959-இல் மான்செஸ்டர் தெருவில் ஒரு நிலவறையில் வகுப்பு தொடங்கினார். ஜோன் காலின்ஸ் போன்ற நடிகைகளும் எட்னா ஓ’பிரையன் போன்ற எழுத்தாளர்களும் வந்து வியர்த்தார்கள். பயிற்சிகளுக்கு அவர் வைத்த பெயர்கள் பெரும்பாலும் குடும்பப் பத்திரிகைக்கு ஆகாதவை. ‘ஒன்றுக்குப் போகும் நாய்’ என்பது அச்சிடக்கூடியவற்றில் ஒன்று. 1971-இல் இந்த முறை நியூயார்க்குக்குப் போனது. அங்கே வளர்ந்த நிறுவனங்களில் ஒன்றான பிசிக் 57 இன்று மும்பையிலும் ஸ்டூடியோ வைத்திருக்கிறது. கறம்பக்குடிவாசி அங்கே போவதென்றால் முதலில் புதுக்கோட்டைக்கு பஸ் பிடிக்க வேண்டும். ஆகவே செல்போன்.

இப்போது அந்த உறுதியான நாற்காலி.

ஸ்டூடியோக்களில் கம்பி சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் சுவரில் பதித்திருக்கும். வீட்டில் அது இல்லாதவர்களுக்கு நாற்காலி போதும் என்று எல்லாக் காணொளியும் பெருந்தன்மையோடு சொல்கிறது. யார் வீட்டு நாற்காலி? கட்டுரையாளர் வீட்டில் இருப்பவை பிளாஸ்டிக் நாற்காலிகள். 1972-இல் ஹென்றி மாசோனே என்ற பிரெஞ்சுக்காரர், ஒரு நாற்காலியை இரண்டு நிமிடத்துக்குள் வார்த்து எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அந்த வம்சத்தின் வாரிசுகள்தான் நம் கல்யாண மண்டபம் முதல் கட்சிக் கூட்டம் வரை நிறைந்திருக்கின்றன. எடை சில கிலோ. சாய்ந்தால் வளையும். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்கினால், டைல்ஸ் தரையில் அதுவும் கூடவே கிளம்புகிறது. பேலேயில் ஜோடி ஆட்டமும் உண்டு என்பது கட்டுரையாளருக்குத் தெரியும். இந்தக் காணொளியில் அதைக் கேட்கவில்லை. நான்கு நாற்காலிகளை அடுக்கி வைத்தால் கனமாகும் என்பது அடுத்த யோசனை. அடுக்கினால் உயரமும் ஏறிவிடுகிறது. தவிர, அடியில் இருக்கும் நாற்காலியின் முதுகில் உள்ளூர் சாமியானா கடைக்காரரின் பெயர் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. வாசல் கதவு திறந்திருக்கும்போது அதைப் பார்வைக்கு வைப்பது நல்லதல்ல.

மரநாற்காலி ஒன்று உண்டு. தேக்கு. மறைந்த மாமனார் உட்கார்ந்தது. அவருடைய மாலை போட்ட படத்துக்கு நேர் கீழே போட்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ‘ஒன்றுக்குப் போகும் நாய்’ செய்ய எந்த மருமகளுக்கும் மனம் வராது.

பீரோவின் கைப்பிடி உயரம் சரி. இழுத்தால் திறந்துகொள்கிறது, மேல்தட்டுப் பட்டுப்புடவைகள் தலையில் விழுகின்றன. ஊஞ்சலைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. தையல் மெஷின் கனமானதுதான், ஆனால் கால் பெடலில் பட்டுவிட்டால் ஊசி தன் வேலையைத் தொடங்கிவிடும். மாடிப்படிக் கைப்பிடி ஸ்டீல், அசையாது. ஆனால் ஒரு கால் ஒரு படியிலும் மறுகால் அடுத்த படியிலும் நின்றுகொண்டு இடுப்பைச் சமமாக வைக்கச் சொல்வது நியாயமா? அடுப்படி மேடை இருப்பதில் தேவலை. சில பயிற்சியாளர்களே அதைச் சிபாரிசு செய்கிறார்கள். அவர்களுடைய அடுப்படியில் ஒரு கிண்ணம் எலுமிச்சம்பழம் மட்டும் இருக்கிறது. இங்கே மேடையில் மிக்ஸி, பொங்கத் தயாராகப் பால். பின்னால் காலை நீட்டினால் தண்ணீர்க் குடம்.

மிஞ்சியது ஜன்னல். தமிழ்நாட்டு வீட்டு ஜன்னல் கம்பியைப் போல உறுதியான பேலே கம்பி பாரிஸில்கூடக் கிடைக்காது என்பது கட்டுரையாளரின் துணிபு. கையால் இறுக்கிப் பிடித்து, குதிகாலை உயர்த்தி, முழங்காலை மடக்கி, ஓர் அங்குலம் மேலே, ஓர் அங்குலம் கீழே. முகம் தெருவைப் பார்த்தபடி. முகத்தில் தாங்க முடியாத வேதனை. எதிர்வீட்டு அக்கா வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டு ஓடிவந்து கேட்டார்: “என்னடி, வெளியில பூட்டிட்டுப் போயிட்டாங்களா?”

அந்த ஓர் அங்குல அசைவில்தான் இந்தப் பயிற்சியின் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. பெரிதாக எதுவும் நடக்காது. தசை சுருங்கிய நிலையிலேயே நிற்கும், களைக்கும், தொடை நடுங்கும். நடுங்கினால் வெற்றி என்று திரையில் இருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். கூடத்தில் இருந்த அத்தை நடுக்கத்தைப் பார்த்ததும் சர்க்கரை டப்பாவோடு வந்துவிட்டார். “லோ சுகரும்மா, வாயில போடு” என்றார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியதிலிருந்து பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. எந்த நடுக்கம் எதனால் என்று அத்தைக்குத் தெரியும். அந்த மாத்திரைப் பையோடு தெருத் தெருவாக நடக்கும் தன்னார்வலப் பெண் எந்தக் காணொளியையும் தேடுவதாகத் தெரியவில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் சித்தப்பா, இதெல்லாம் நம் பரதநாட்டிய அரைமண்டியைப் பார்த்து வெள்ளைக்காரன் திருடியது என்று எழுதினார். முழங்காலை வெளிப்பக்கம் திருப்பி மடக்குவதில் இரண்டுக்கும் ஒற்றுமை இருப்பது நிஜம். ஆனால் கடன் போன திசையைப் பற்றிச் சித்தப்பா அவசரப்படக் கூடாது. கலாக்ஷேத்ராவை 1936-இல் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், பரதத்துக்கு முன்னால் கற்றது பேலே. ஆன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று அவரைத் திருப்பி அனுப்பியதே பாவ்லோவாதான் என்பார்கள். இதைக் குழுவில் போட்டதற்குச் சித்தப்பா கைகூப்பும் படம் ஒன்றை மட்டும் அனுப்பினார்.

இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு வேறொரு கம்பி நன்றாகவே தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து புதுக்கோட்டைக் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள், அங்கன்வாடிக்காரர்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்டோர் கொடி கட்டி மணியடித்துப் புதுக்கோட்டையைக் கலக்கினார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே ஓடும் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். ‘தொடக்க நிலை, 20 நிமிடம், முழங்காலுக்கு நோகாது’ என்று யாரும் அவர்களுக்கு வகை பிரித்துக் காட்டவில்லை. இருந்த சைக்கிளில் ஏறினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். அவர்களில் ஒருவர் இன்று இந்தக் கூடத்துக்கு வந்து, ஒருத்தி சோபாவில் சாய்ந்தபடி கட்டை விரலால் காணொளிகளைத் தள்ளிக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் என்ன கேட்பார் என்று கட்டுரையாளர் யோசிக்க விரும்பவில்லை.

தள்ளுவதற்கு விஞ்ஞானச் சாக்கு இருக்கிறது. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் ஆகியோர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அது. கலிபோர்னியக் கடையொன்றில் 24 வகை ஜாம் பரப்பி வைத்தபோது, நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள். ஆறே வகை வைத்தபோது 30 சதவீதம். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்த விளைவு கிடைக்கவில்லை என்று சிலர் மறுக்கிறார்கள். அவர்கள் கட்டுரையாளரின் ‘பிறகு பார்க்க’ பட்டியலைப் பார்த்ததில்லை. ஒருவர் அதிகம் கத்துகிறார், இன்னொருவருக்குப் பின்னால் கடல் தெரிகிறது, மூன்றாமவர் வயிறே இல்லாமல் வயிற்றைக் குறைக்கச் சொல்லித் தருகிறார், நான்காமவருடைய நாய் குறுக்கே வருகிறது. நாய் வரும் காணொளி கட்டுரையாளருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது ‘மேம்பட்ட நிலை’. யூடியூபில் 2005-இல் ஏற்றப்பட்ட முதல் காணொளி மொத்தமே 19 விநாடி. இப்போது தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லவே அதைவிட அதிக நேரம் ஆகிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கட்டை விரல் உடலில் சேர்த்தி இல்லையா என்று அவர்களைக் கேட்க வேண்டும்.

அந்த மூன்று விதிகளுக்கு வருவோம். முதல் விதி, காணொளியை முதலிலிருந்து பார்க்காமல் கடைசியிலிருந்து பார்க்க வேண்டும். பந்து, பட்டை, சந்தா எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தை குறுக்கே வந்து, “அந்த லண்டன் அம்மா என்ன ஆச்சு?” என்று கேட்டார். 2003-இல் காலமானார், 90 வயது என்று சொன்னதும், “அவங்க எந்த வீடியோவைப் பாத்துச் செஞ்சாங்களாம்?” என்றார்.

பதில் சொல்வதற்குள் போனில் புதிதாக ஒன்று வந்து நின்றது. நாற்காலி வேண்டாமாம், வெறும் சுவர் போதுமாம், 12 நிமிடமாம். கட்டுரையாளர் எழுந்து கூடத்துச் சுவரை நோக்கி இரண்டு கையையும் நீட்டினார். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எப்படித்தான் பார்த்தாரோ, “சுவத்துல கை வைக்காதே, பெயின்ட் அடிச்சு ஒரு மாசம்கூட ஆகல” என்றார்.