டைட்டிலில் மூன்றாவது வரி

டெல்லி கணேஷ் 2024 நவம்பர் 9 இரவு காலமானார். மறுநாள் பொழுது விடிவதற்குள் என் போனில் சொந்தக்காரர்கள் குரூப், பள்ளி நண்பர்கள் குரூப், குடியிருப்பு குரூப் எல்லாவற்றிலும் அவர் முகம்தான். அமெரிக்காவில் இருக்கும் தங்கை மகள், "மாமா, நம்ம பாலக்காட்டு மணி ஐயர் போயிட்டாரே" என்று அவர் நடித்த வேடத்தின் பெயரைச் சொல்லி எழுதியிருந்தாள். ஒரு குணச்சித்திர நடிகரின் சாவு இத்தனை வீடுகளில், இத்தனை சீக்கிரம் துக்கமாகும் என்று என் சின்ன வயதில் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அப்போதெல்லாம் கதாநாயகன் போனால்தான் ஊர் நிற்கும். 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்த செய்தி ரேடியோவில் வந்தபோது எங்கள் தெருவில் அடுப்பே எரியவில்லை. மற்ற நடிகர்கள் போனது எங்களுக்கு எப்போது தெரியும்? அடுத்த முறை அவர் படம் ஊருக்கு வரும்போதுதான் தெரியும். ஆகஸ்ட் 15 வந்தால் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் 'கப்பலோட்டிய தமிழன்' கட்டாயம் உண்டு. 1980-இல் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். பாரதியாராக எஸ்.வி. சுப்பையா முண்டாசோடு வந்து நின்றதும் பின்னால் பெஞ்சில் இருந்த ஒருவர், "இவரு போன தை மாசமே தவறிட்டாராம்" என்றார். அப்பா சட்டென்று திரும்பி, "எவரு, சுப்பையாவா?" என்று கேட்டார். அப்புறம் வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழு மாதம் கழித்து, அந்த மனிதர் திரையில் உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கும்போதே, அப்பா துக்கம் காத்தார்.

அந்தக் காலத்துத் துக்கம்தான் உண்மை, இப்போதுள்ளது விரல் தள்ளிவிட்டுப் போகும் வேடிக்கை என்று என் வயதுக்காரர்கள் பேசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. டைட்டிலில் மூன்றாவது, நான்காவது வரியில் வந்துபோன பெயர்களுக்கு இன்றைக்குத்தான் ஒழுங்கான மரியாதை கிடைக்கிறது. மயில்சாமிக்கும் மனோபாலாவுக்கும் 2023-இல் ஊர் ஊராகக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்தார்கள். சுப்பையாவுக்கு எங்கள் ஊரில் அப்படி யாரும் வைத்ததாக எனக்கு நினைவில்லை. இந்த மாற்றத்தில் எனக்கு மனசார சந்தோஷம்.

எனக்குள்ள வருத்தம் வேறு. எல்லோரும் அனுப்புவது அதே அரை நிமிட வீடியோத் துண்டு. ஒரு மனிதரின் நாற்பது வருட உழைப்பு அந்த அரை நிமிடத்துக்குள் அடைபட்டுப் போகிறது. மனோபாலாவை இன்றைய பிள்ளைகளுக்கு ஒல்லியான உடம்பும் கீச்சுக் குரலுமாகத்தான் தெரியும். பாரதிராஜாவிடம் உதவியாளராக இருந்தவர், 1982-இல் 'ஆகாய கங்கை' எடுத்து இயக்குநரானவர், ரஜினிகாந்தை வைத்து 'ஊர்க்காவலன்' எடுத்தவர், 'சதுரங்க வேட்டை'யைத் தயாரித்தவர் என்பதெல்லாம் அந்த அரை நிமிடத்தில் எங்கே வரும்?

மாரிமுத்துவும் அப்படித்தான். 2023 செப்டம்பர் 8 காலை, 'எதிர்நீச்சல்' தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த இடத்தில் மாரடைப்பு வந்து போய்விட்டார். தினமும் டி.வி. முன்னால் உட்கார்ந்து அதில் அவர் நடித்த குணசேகரனைச் சபித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நடிப்புக்கு அதைவிடப் பெரிய விருது இல்லை. ஆனால் 'பரியேறும் பெருமாள்' படத்தில் கதாநாயகி ஜோவின் அப்பாவாக அவர் வந்ததை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்கள்? மகள் மேல் உள்ள பாசமும் சாதிக்காரர்கள் மேல் உள்ள பயமும் அந்த அப்பாவின் முகத்தில் மாறி மாறி வந்துபோகும். கடைசியில் கதாநாயகன் பரியனிடம் பேச வருகிறாரே, அங்கே அந்த மனிதர் எதையெல்லாம் சொல்ல முடியாமல் விழுங்குகிறார் என்பதைப் பாருங்கள்.

போன பொங்கல் விடுமுறையில் 'அபூர்வ சகோதரர்கள்' போட்டுப் பார்த்தோம். 1989 சித்திரை முதல் நாள் அது வெளிவந்தபோது ஊரெல்லாம் ஒரே பேச்சு, கமல் எப்படிக் குள்ளமானார் என்பதுதான். தியேட்டரில் நானும் அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை கண் மற்றவர்கள் பக்கம் போனது. வில்லன்கள் நால்வரில் நாகேஷ், ஜெய்சங்கர், டெல்லி கணேஷ் மூவரும் இல்லை. அம்மாவாக வந்த ஸ்ரீவித்யா இல்லை. மனோரமா இல்லை. வசனம் எழுதிய கிரேஸி மோகன் இல்லை, பாட்டு எழுதிய வாலி இல்லை, பாடிய எஸ்.பி.பி. இல்லை. இன்ஸ்பெக்டர் ஜனகராஜ் கூடவே வரும் கான்ஸ்டபிள் ஆர்.எஸ். சிவாஜி, மாரிமுத்து போவதற்கு ஆறு நாள் முன்னால்தான் போனார். அவர் வரும் காட்சிகளைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் என்ன உளறினாலும் அதைத் தேவவாக்காக நம்புகிற முகம். நம்புகிற மாதிரி நடிக்கவில்லை, நிஜமாகவே நம்புகிறார். அந்த நம்பிக்கையில் ஒரு இழை குறைந்திருந்தாலும் ஜனகராஜின் பேச்சுக்குச் சிரிப்பு வந்திருக்காது. பக்கத்தில் இருப்பவரைத் தூக்கிவிடுவதற்காகவே நடிப்பது எவ்வளவு பெரிய குணம்!

டெல்லி கணேஷிடம் அந்தக் குணம் நிறைய இருந்தது. 1964 முதல் பத்து வருடம் விமானப்படையில் இருந்தவர், டெல்லியில் தமிழ் நாடக மேடையில் நடித்தவர். கணேசனாக இருந்தவரை டெல்லி கணேஷ் ஆக்கி 'பட்டினப் பிரவேசம்' படத்தில் அறிமுகப்படுத்தியவர் கே. பாலசந்தர். 'சிந்து பைரவி'யில் குடிப்பழக்கத்தால் பாடகரின் கோபத்துக்கு ஆளாகும் மிருதங்க வித்வான். 'நாயகன்' படத்தில் வேலு நாயக்கருக்காக இந்தியில் பேசும் ஐயர். பேசும் வார்த்தையெல்லாம் நாயக்கருடையது, அதற்கான நடுக்கம் ஐயருடையது. இரண்டையும் ஒரே மூச்சில் கொண்டுவருவார்.

சமையல்காரர், ஐயர், மாமா என்றே பலர் அவரை நினைவு வைத்திருக்கிறார்கள். துரை இயக்கிய 'பசி' 1979-இல் வந்தது. சென்னைக் குடிசைப் பகுதியில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் முனியாண்டியாக, ஷோபாவின் அப்பாவாக நடித்தார். பூணூலும் பஞ்சகச்சமும் பாலக்காட்டுத் தமிழும் அங்கே கிடையாது. அந்த வேடத்துக்குத் தமிழக அரசு சிறப்புப் பரிசு கொடுத்தது. நவம்பர் 10 அன்று எனக்கு வந்த துண்டுகளில் ஒன்றில்கூட முனியாண்டி இல்லை. தங்கை மகளுக்கு அந்தப் படத்தின் பெயரை எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். "மாமா, அந்த ரிக்‌ஷாக்காரர் இவர்தானா? முதல்ல எனக்கு அடையாளமே தெரியலை" என்றாள்.