தூக்குதலும் இறக்குதலும்: கடை ஷட்டர் பராமரிப்பு பற்றிய ஓர் ஆய்வுரை

கோயில் கதவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், கோட்டைக் கதவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், செட்டிநாட்டு நிலைக்கதவைப் பற்றிக் கனமான படப் புத்தகங்களே வந்துவிட்டன. மளிகைக் கடையின் இரும்பு ஷட்டரை மட்டும் ஆய்வுலகம் இன்னும் குனிந்து பார்க்கவில்லை. குனியாமல் அதைத் திறக்கவே முடியாது என்னும்போது இந்தப் புறக்கணிப்பு வியப்புக்குரியது. அக்குறையை ஓரளவு போக்க முனையும் இக்கட்டுரையின் கருதுகோள் ஒன்றே: நம் கடைத்தெருவில் ஷட்டரை யாரும் பழுதுபார்ப்பதில்லை, ஷட்டருக்குத் தோதாக ஆளைத்தான் பழுதுபார்க்கிறார்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஷட்டருக்கு முன்பு எண் போட்ட பலகைகள் இருந்தன. ஒவ்வொன்றாகக் காடியில் செருகி, கடைசிப் பலகைக்குப் பூட்டுப் போடுவார்கள். பழைய ஊர்களின் கடைவீதிகளில் இன்றும் காணலாம். கடல் கடந்தால், மேலே தூக்கித் திறக்கும் கதவை அமெரிக்காவில் சி.ஜி. ஜான்சன் என்பவர் 1921-இல் செய்தார். 1926-இல் அதற்கு மோட்டாரும் வைத்தார். அது கூரைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் கதவு. நம்முடையது தலைக்கு மேலுள்ள பைப்பில் சுருண்டுகொள்வது. இரண்டிலும் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங்தான். அங்கே அந்த ஸ்பிரிங்கை 10,000 முறை ஏற்றி இறக்கலாம் என்று கணக்குச் சொல்லி விற்பது வழக்கம். காலையில் திறந்து, மதியம் சாத்தி, மாலையில் திறந்து, இரவில் சாத்தும் கடைக்கு இதே கணக்கைப் போட்டால் 13 ஆண்டுக்கு மேல் வரும். டீ குடிக்கப் போகும்போதெல்லாம் இறக்கிவிட்டுப் போகிறவர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது.

ஷட்டருக்கு நம் நாட்டில் ஒரு தரநூலும் உண்டு. ஐஎஸ் 6248 என்பது அதன் எண். அதை வாசித்த கடைக்காரரை இந்த ஆய்வாளர் இன்னும் சந்திக்கவில்லை. ஷட்டர் வாங்கும்போது கடைக்காரர் கேட்கும் கேள்வி 'எத்தனை கேஜ்?' என்பது மட்டும். 18 கேஜ் தகடு ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் அதைவிட மெல்லியது. எண் ஏற ஏறத் தகடு இளைக்கும் இந்த விநோத முறையில், பேரம் பேசி 18-ஐ 20 ஆக்கிய மகிழ்ச்சியோடு வீடு திரும்பியவர்கள் உண்டு.

இனி எண்ணெய். பராமரிப்பு என்றால் நம்மவர்க்கு எண்ணெய்தான். களத்தில் தெரிந்தவரை இதற்கு ஒரே விதி: கைக்கு எட்டுவது எண்ணெய் குடிக்கும், எட்டாதது துரு குடிக்கும். இருபக்கமும் ஷட்டர் ஓடும் கைடு சேனல் கைக்கு எட்டும். ஆகவே அதற்குக் கிரீஸ், கழிவு ஆயில், கடையில் விலைபோகாத நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கும். பைப்பும் ஸ்பிரிங்கும் மேலே ஹூடு தகட்டுக்குள் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் கிடைக்காது. இத்தனைக்கும் சேனலுக்குக் கிரீஸ் ஆகாது. தெருப்புழுதி அதில் ஒட்டி, உப்புத்தாள் போல் பட்டையின் ஓரத்தை அராவும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சேனலைத் துடைத்து, காய்ந்தபின் மெல்லிய எண்ணெயைப் பெயருக்குத் தடவினால் போதும். இதைச் சொன்னால், 'அப்படியா, ஆயுத பூசை வரட்டும்' என்பார்கள். ஆயுத பூசை வரும். ஷட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் விழும். துடைப்பது அடுத்த ஆயுத பூசைக்குத் தள்ளிப்போகும்.

பக்தியால் கெடும் உறுப்பு இன்னொன்று உண்டு. அடியில் இருக்கும் பாட்டம் பிளேட். தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போது முதல் தண்ணீர் அதன்மேல்தான் விழுகிறது. ராயபுரத்திலும் தூத்துக்குடியிலும் உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. ஷட்டர் எப்போதும் கீழிருந்து மேலாகத்தான் சாகிறது. தூக்கிவிட்டுத் தெளித்தால் தீர்ந்தது. ஆனால் மூடிய ஷட்டருக்கு முன் தெளித்துவிட்டுத் திறப்பதுதான் ஐதீகம் என்பதால் ஆய்வாளர் இவ்விடத்தில் மௌனம் காக்கிறார்.

இப்போது மையக் கருதுகோளுக்கு வருவோம். ஷட்டர் ஒருநாளில் கெட்டுப்போவதில்லை. ஒரு பட்டையின் ஓரக் கிளிப் விழும். அந்தப் பட்டை மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து சேனலை உரசும். 'க்ரீச்' என்று ஒரு சத்தம் வரும். அந்தக் கட்டத்தில் மெக்கானிக்கை அழைத்தால் பட்டையைத் தட்டி உள்ளே தள்ளிக் கிளிப் போட்டுவிட்டுப் போவார். அழைக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாகக் கடைப் பையனுக்கு ஒரு பாடம் நடக்கும். சென்னையில் கடை வைத்திருக்கும் நெல்லைச் சீமை அண்ணாச்சியின் குரல் இது:

'லேய், சும்மா தூக்குனா வராதுல. எடது பக்கத்துல ஒரு மிதி மிதிச்சுட்டு, வலது கைய முன்னுக்குக் குடுத்துத் தூக்கு.'

'சரி அண்ணாச்சி.'

'பாதிக்கு மேல தானா ஓடும். மூக்கப் பின்னால வச்சுக்க.'

பராமரிப்புக் கையேடு முழுவதும் இந்த மூன்று வரிகளுக்குள் அடக்கம். ஆண்டுக்கு ஆண்டு மிதியின் இடம் மாறும், வேகம் கூடும். பையன் ஊருக்குப் போன அன்று கடை திறக்காது. அன்று கடைக்காரர் மெக்கானிக்கைத் தேடமாட்டார், 'எப்பல வருவ?' என்று ஊருக்குப் போன் போடுவார்.

இந்தக் கருதுகோளுக்கு வலுவான சான்று பாதி ஷட்டர். இலக்கண உரையாசிரியர்கள் ஒலிக்கு எடுத்தல், படுத்தல், நலிதல் என வகை சொல்வார்கள். ஷட்டருக்கும் மூன்று நிலைதான். நலிதலில்தான் நயமெல்லாம் இருக்கிறது. பிண ஊர்வலம் போகும்போது பாதி இறக்குவது மரியாதை. கடையடைப்பு நாளில் பாதி இறக்குவது, இரு தரப்புக்கும் நண்பனாக இருப்பது. 2020 ஊரடங்கில் அது பால் பாக்கெட்டுக்கும் கறிவேப்பிலைக்குமான ரகசிய ஜன்னல்.

சமூகம் இவ்வளவு பொருளேற்றிய அந்தப் பாதி உயரம்தான், தற்செயலாக, ஸ்பிரிங்குக்கு வைக்கும் பரீட்சையும்கூட. பாதியில் விட்டுக் கையை எடுத்தால் ஷட்டர் நின்ற இடத்தில் நிற்கவேண்டும். தானாகக் கீழே இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. தானாக மேலே ஏறினால் முறுக்கு மிஞ்சிவிட்டது. தளர்ந்த ஸ்பிரிங் உள்ள கடைக்காரர் பிண ஊர்வலத்துக்குத் தேவைக்கு அதிகமான மரியாதை செய்துவிடுகிறார். முறுக்கேறியவரின் நிலை ஆபத்தானது: கடையடைப்புக்காரர்கள் தெருவில் நுழையும் நேரத்தில் அவர் ஷட்டர் தானாக மேலேறி அவரது அரசியலைக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கும் மருந்து மெக்கானிக் அல்ல. இறங்குவதற்கு முட்டாக ஒரு காலி எண்ணெய் டின். ஏறுவதைத் தடுக்கக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்ட ஐந்து கிலோ எடைக்கல்.

ஒன்றை மட்டும் வேடிக்கை விட்டுச் சொல்லவேண்டும். முறுக்கேறிய ஸ்பிரிங்கைத் தானே அவிழ்க்க ஸ்டூல் போட்டு ஏறக்கூடாது. முழு ஷட்டரின் பாரத்தையும் தாங்கும் விசை அதற்குள் சுருண்டிருக்கிறது. பிராக்கெட்டின் போல்ட்டைத் தளர்த்தினால் அந்த விசை முகத்தைத் தேடி வரும். அந்த வேலைக்கு ஆள் இருக்கிறார். அவரை அழைப்பதற்கு ஆகும் கூலி, தீபாவளிக்கு முந்தைய வாரம் கடை திறக்காமல் போவதோடு ஒப்பிட்டால் சில்லறை.

வசதி வந்த கடைக்காரர்கள் இப்போது மோட்டார் ஷட்டர் போடுகிறார்கள். மிதியும் வேண்டாம், பையனும் வேண்டாம், ரிமோட்டை அழுத்தினால் போதும் என்பது விளம்பரம். கரன்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டால், கையால் சுற்றித் திறக்க ஒரு ஹேண்டில் கொடுத்திருக்கிறார்கள் என்று பெருமையோடு சொல்கிறார்கள். எங்கே அது என்றால், பத்திரமாகக் கல்லாவுக்குப் பின்னால், ஆணியில் மாட்டியிருக்கிறதாம். அந்தக் கடைக்கு வேறு வாசல் கிடையாது.