பத்மினியின் அசரீரி

குர்லாவில் ஃபியட் உரிமத்தின் பேரில் ஜனித்து, 1974-இல் பிரீமியர் பத்மினி என நாமகரணம் செய்யப்பெற்று, 2023 அக்டோபர் முடிவோடு மும்பை டாக்ஸி உத்தியோகத்திலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்ட அந்த மோட்டார், செம்பூரில் ஏதேனும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இன்னும் மிஞ்சியிருக்குமானால், அதற்குக் கொள்ளுப்பாட்டிக்குரிய மரியாதையும், அவளைப் போலவே நினைத்தபோது முனகும் சுதந்திரமும் உண்டு.

சயான் பக்கத்துப் பள்ளங்களில் 'டொக்' என்று எழும் அந்த அசரீரி, மெக்கானிக் ஏறி அமர்ந்த க்ஷணத்தில் பரிபூரண மௌனம் அனுஷ்டிக்கும். லீஃப் ஸ்பிரிங்கின் புஷ் தேய்ந்ததென்று மாமனாரும், சைலன்ஸரைத் தாங்கும் ரப்பர் அறுந்ததென்று மாப்பிள்ளையும் வாதித்து, தாராவிப் பட்டறையொன்றில் இரண்டையுமே மாற்றிப் பணமும் கொடுத்தாகிவிட்ட பின்னர், சத்தம் முன்னிலும் ஆரோக்கியமாகத் திரும்பி வரும். "இடது பக்கம் திரும்பினால்தான் கேட்கிறது" என்று ஆரம்ப முதலே சொல்லிவந்த மாமியின் சாக்ஷியத்தை, அவருக்கு லைசென்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்தால் (நம் சபைகளில் இதைவிடப் பெரிய காரணம் வேண்டுவதில்லை) எவரும் பொருட்படுத்துவதில்லை. கடைசியில் டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பின்னால், மாதுங்கா மார்க்கெட்டில் வாங்கி மறந்த முழுத் தேங்காய் அகப்படும்.

ஆகவே வாசகர்கள், பட்டறையை நாடுமுன் டிக்கியைக் காலி செய்து, லைசென்ஸ் இல்லாத ஒருவரைப் பின்னாசனத்தில் அமர்த்தி, அவர் சொல்வதைச் செவிமடுப்பார்களாக.